முதுகில் போடும் ஊசி

நாத்தனார் கேத்லீன் மெர்லிமாவிலிருந்து பஸ் பிடித்து வந்து மலாக்கா ஆஸ்பத்திரி வார்டில் நின்றபோது மரியசெல்வி உட்காரக்கூடச் சொல்லவில்லை.

பத்து பெரண்டாம் என்ற ஊரிலுள்ள பேக்டரியில் மரியசெல்விக்கு ஷிப்டு இருக்கும் நாட்களில் அவளுடைய ஏழு வயது மகள் எலைன் இந்த அத்தை வீட்டில்தான் இருப்பாள். முழங்கால் வலிக்கிறது என்று பிள்ளை அழ ஆரம்பித்ததும் எக்ஸ்ரே எடுக்கலாம் என்றாள் மரியசெல்வி. பிள்ளையைப் பார்க்க நேரமில்லாதவர்களுக்குத்தான் எதற்கெடுத்தாலும் ஆஸ்பத்திரி என்று சொந்தக்காரர்கள் முன்னால் சிரித்தாள் கேத்லீன். பிறகு, சொல்லாமல் கொள்ளாமல், கால் உருவும் மலாய்ப் பெரியவரிடம் வாராவாரம் கூட்டிப்போனாள். பிள்ளை கத்தக் கத்தக் காலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் எலைனின் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன பிறகுதான் உருவிய விஷயம் வெளியே வந்தது.

லிம்போமா, ஒரு வகைப் புற்றுநோய் என்றார் டாக்டர். எலும்பில் தொடங்கி நரம்புவரை போயிருந்தது. குழந்தைகளுக்கு இப்படி வருவது அபூர்வமாம். ரத்தத்தில் ஏற்றும் மருந்து போதாது, முதுகுத்தண்டிலும் போடவேண்டும். குணமாக வாய்ப்பு இருக்கிறது, உருவியதால் வந்த நோயும் இல்லை, ஆனால் நாள் வீணாகிவிட்டது என்றார். அந்தக் கடைசி வார்த்தையை மரியசெல்வி நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்தாள்.

இன்று அந்த ஊசி. லேசான மயக்கத்தில் பிள்ளையை இறால்போல் சுருட்டி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அசைந்தால் மறுபடியும் குத்தவேண்டும்.

"அண்ணி, நீங்க போய்ப் புடிங்க."

"நானா? எனக்குக் கை நடுங்கும்லா, செல்வி."

"அன்னிக்கு நடுங்கலியே. அதே கைதான. போங்க."

கேத்லீன் போனாள். மரியசெல்வி கதவருகே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். நாத்தனார் உடைந்து கதறுவதைக் கேட்கவேண்டும்.

அவள் உடைந்தால் பிள்ளை அசைவாள் என்பது அப்போதுதான் உறைத்தது. கதவைத் திறந்து நிறுத்தவும் இப்போது முடியாது. உள்ளே எலைன் முனகினாள். கூடவே கேத்லீனின் குரல், சர்ச்சின் ஞாயிறு வகுப்புப் பாட்டு ஒன்றை ஓரிடத்திலும் பிசகாமல் பாடியது.

பிள்ளை அசையவே இல்லை, ஒரே குத்தில் முடிந்தது என்றாள் நர்ஸ். பின்னால் வந்த கேத்லீன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன்னை மன்னித்துவிடச் சொன்னாள்.

கேட்க ஆசைப்பட்ட அழுகை அது. மரியசெல்வி நின்று முழுவதும் கேட்டாள். போதவில்லை.

"அதெல்லாம் என்னால முடியாது அண்ணி. அடுத்த வாரமும் ஊசி இருக்கு, வந்துருங்க. ஒவ்வொரு தடவையும் நீங்கதான் புடிக்கணும்."

கேத்லீன் தலையாட்டினாள். மரியசெல்வி கைகொடுத்து எழுப்பவில்லை. அவளைத் தாண்டி மகளிடம் போனாள்.