சாவியை யாரிடம் கொடுப்பீர்கள்

செங்கம்மாள் அந்தக் கூட்டத்துக்குப் போனது வெள்ளத்தைத் தடுக்கவோ பூமியைக் காப்பாற்றவோ அல்ல. உமாமகேஸ்வரி அங்கே வருவாள் என்று கேள்விப்பட்டாள், போனாள். போன மழைக்காலத்திலிருந்து உமா அவளோடு பேசுவதில்லை. தெருவில் எதிரே வந்தால் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். திட்டினால்கூடப் போதும், ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்ற நிலைக்குச் செங்கம்மாள் வந்திருந்தாள்.

கூட்டம் டெல்லியில், சரோஜினி நகருக்குப் பக்கத்தில் ஒரு சமூகக் கூடத்தில் நடந்தது. ஒரு தொண்டு நிறுவனமும் ஒரு வடிவமைப்புக் கல்லூரியும் சேர்ந்து செய்த ஏற்பாடு. நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாயின் ஓரத்துக் குடிசைக் கேம்பிலிருந்து தமிழ்ப் பெண்களை வண்டி வைத்து அழைத்து வந்து, அட்டை, கத்தரிக்கோல், பசை எல்லாம் கொடுத்து, அவர்கள் குடியிருக்கும் தெருவை அப்படியே செய்து காட்டச் சொன்னார்கள். அதன் மேல் நீலத் துணியை இழுத்துவிட்டால் வெள்ளம். வெள்ளம் வந்தால் என்ன செய்யலாம் என்று எல்லாரும் சேர்ந்து யோசித்து, யோசித்ததை வண்ணச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். எழுத வராதவர்கள் படம் வரையலாம். நல்ல எண்ணம்தான், குறை சொல்வதற்கில்லை. சமோசாவும் சூடாக இருந்தது.

நடத்தியவன் ஸ்ரீவத்ஸன், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பையன். தமிழ் அவனுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனாலும் வெட்கப்படாமல் பேசுவான். வெள்ளத்தில் ஒரு குழந்தை இறந்தது என்று ஏதாவது அறிக்கையில் படித்திருப்பான். யார் குழந்தை, எப்படி இறந்தது என்றெல்லாம் அறிக்கையில் போட மாட்டார்களே.

நடந்தது இதுதான். அந்தத் தெருப் பெண்கள் எல்லாரும் ஜங்புராவில் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளையை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுத்தான் கிளம்புவார்கள். பிள்ளை நாலா பக்கம் ஓடிவிடக் கூடாதே என்ற பயம். சாவி செங்கம்மாளிடம் இருக்கும். முழங்கால் வலியால் வேலையை விட்டு வீட்டோடு இருந்தவள் அவள். காலையில் ஒருமுறை வீடு வீடாகத் திறந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பாள், தலை வாரிவிடுவாள், மறுபடி பூட்டுவாள். சாவிக்கொத்து அவள் இடுப்பை விட்டு இறங்காது. சும்மா சொல்லக் கூடாது, தாய்மார்கள் நிம்மதியாக வேலைக்குப் போனதே அவளால்தான்.

அன்றைக்குப் பழைய முதலாளியம்மா வீட்டில் விருந்தாளிகள். "ஜல்தி வா, பாத்திரம் மட்டும்தான்" என்று போன் வந்தது. தெருவில் அன்று பூட்டிய வீட்டுக்குள் இருந்தது உமாவின் மகள் மஞ்சு மட்டும். ஐந்து வயது. காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுவதற்குள் திரும்பிவிடலாம் என்று செங்கம்மாள் போனாள். சாவிக்கொத்தும் இடுப்போடு போயிற்று. அதை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

எங்கோ கொட்டிய மழை நாலாவை நிரப்பித் தெருவுக்குள் தள்ளியது. ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். உமா வீட்டுப் பூட்டைப் பார்த்துக்கொண்டே ஓடியவர்கள் பலர். ஒருவரும் அதை உடைக்கவில்லை. அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. சாவி செங்கம்மாளிடம் இருக்கிறது, அவள் பிள்ளையை எப்போதோ வெளியே எடுத்திருப்பாள் என்று நம்பினார்கள். அவள் மேல் அவ்வளவு நம்பிக்கை. அது கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் யாராவது ஒரு கல்லை எடுத்து அந்தப் பூட்டைத் தட்டியிருப்பார்கள், மஞ்சு இருந்திருப்பாள்.

கூடத்தில் ஸ்ரீவத்ஸன் நீலத் துணியை அட்டை வீடுகளின் மேல் இழுத்தான்.

"அச்சா, தண்ணி வந்தாச்சு. ஃபர்ஸ்ட் என்ன பண்ணுவீங்க?"

விசில் ஊதலாம் என்றாள் ஒருத்தி. போனில் மெசேஜ் போடலாம் என்றாள் இன்னொருத்தி. அடுத்த தெரு அல்போன்சா, ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருப்பவள், யோசிக்காமல் வாயைத் திறந்துவிட்டாள்.

"மொதல்ல பூட்டுன வீட்டப் பாக்கணும் தம்பி. உள்ள புள்ளைங்க இருக்கும்ல."

சொன்ன பிறகுதான் உமா உட்கார்ந்திருப்பது அவளுக்கு உறைத்தது. கூடம் அப்படியே அடங்கிப்போயிற்று. நல்ல யோசனைக்குக் கிடைத்த மரியாதை என்று அந்த அமைதியை எடுத்துக்கொண்டான் ஸ்ரீவத்ஸன். பாவம், அவனை என்ன சொல்ல.

"சூப்பர் ஆன்ட்டி. இப்ப எல்லாரும் அட்டைல ஒரு சாவி வெட்டுங்க. உங்க வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கணும்? யார நம்புறீங்களோ, அவங்க கைல குடுங்க."

எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள் செங்கம்மாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சுற்றிலும் பெண்கள் சாவி வெட்டி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். அவளிடம் யாரும் வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. உமா மட்டும் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தாள். நிதானமாக, பல்லெல்லாம் வைத்து, நிஜச் சாவி மாதிரியே வெட்டினாள்.

பிறகு எழுந்து நேராகச் செங்கம்மாளிடம் வந்தாள். அவள் கையைப் பிடித்து, விரலை விரித்து, சாவியை வைத்தாள். ஒரு வருஷமாகக் காத்திருந்த முகம் அவளை நேருக்கு நேர் பார்த்தது.

"வச்சுக்கக்கா," என்றாள் உமா. குரலில் கோபமே இல்லை. "இப்ப உள்ள யாரும் இல்ல."

உதவிக்கு வந்திருந்த கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ் தெரியாது. கடைசிச் சாவியும் கை மாறிவிட்டது என்று சந்தோஷமாகக் கைதட்டினார்கள். செங்கம்மாள் மஞ்சுவின் பெயரைச் சொன்னாள். உமா அதற்குள் திரும்பி நடந்திருந்தாள். அந்தச் சத்தத்தில் அவளுக்கு அது கேட்கவில்லை.