பின்சக்கரம் எழும்பவில்லை

மனைவி ஜோதிகா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனபோது அருள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து எல்லாமே அப்படித்தான். மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடக்கிற மாதிரி.

காட்டுப்பாக்கத்தில் அவன் ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்த இடத்தையும் மூடிவிட்டார்கள். அம்மா கன்னியம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். வானகரத்தில் அவள் பெருக்கித் துடைக்கிற அபார்ட்மெண்டில் பிள்ளைகளுக்கு மாஸ்டர் தேவை. ஆனால் காலில் மாட்டுகிற ஸ்கேட் வேண்டாமாம், ஸ்கேட்போர்டுதான் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வந்து 'ஆலி' செய்துகாட்டினால் வேலை.

ஆலி ஆரம்பப் பாடம்தான். பின்காலால் பலகையின் பின்நுனியான வாலை ஓங்கி மிதித்து, முன்காலை மேலே இழுத்தால் பலகையும் ஆளும் சேர்ந்து எழும்ப வேண்டும். பழைய போர்டு ஒன்றை வாங்கி, யூடியூப் பார்த்து, கரையான்சாவடி வீட்டு வாசலில் தினமும் மிதித்தான். முன்சக்கரம் எழும்பியது. பின்சக்கரம் தரையை விடவில்லை. முட்டி சிராய்த்தது. வலிக்கிறதா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

ஞாயிறு மாலை. அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் செயலாளர் இராமகிருஷ்ணன், பெற்றோர்கள், ஒரு கும்பல் குழந்தைகள். அருள் போர்டைக் கீழே வைத்ததும் கன்னியம்மாள் கட்டைப்பையைத் திறந்தாள். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம்.

"யம்மா, இது இன்னாத்துக்கு?"

"சக்கரம் கீதுல்ல? அப்ப வண்டிதான். புது வண்டிய பூசை போடாம எடுப்பாங்களா நைனா?"

"பழசும்மா இது."

"உனுக்குப் புதுசு."

"அம்மா சொல்றது சரிதானே!" என்றார் இராமகிருஷ்ணன். பக்தியோடு செருப்பைக் கழற்றினார்.

போர்டுக்குப் பொட்டு வைத்து, முன்சக்கரங்களுக்கு முன்னால் பழங்களை வைத்தாள் கன்னியம்மாள். பழமும் சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே உயரம். நசுங்காது, தடுக்கும். அருளுக்கு அது தெரிந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. ஏறி உந்தினான்.

போர்டு நின்றது. அவன் நிற்கவில்லை.

முழங்கையும் தோளும் தரையில் உரச, உருண்டுபோய் ஒரு காரின் டயரில் முட்டி நின்றான்.

"ஐயோ நைனா! சார், தப்பு என்னுது சார், பழம் வச்சது நானு..."

அருள் எழுந்து பழங்களை ஒதுக்கினான். மறுபடி ஏறினான். வாலை மிதித்தான். முன்பக்கம் எழும்பியது. பின்பக்கம் தேய்ந்தது. இன்னொரு முறை. அதேதான்.

"அங்கிள், பின்னாடி தூக்கவே இல்ல!" என்று கத்தினாள் அனுசுயா. எட்டு வயது இருக்கும்.

"பின்சக்கரத்துக்குப் பழம் வைக்க மறந்துட்டாங்க" என்றார் அவள் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

இராமகிருஷ்ணன் சிரிக்கவில்லை. "தம்பி, உங்களுக்கு ஆலி வருமா, வராதா?"

'வரும்னு சொல்லுடா' என்று கெஞ்சின கன்னியம்மாளின் கண்கள்.

"வராது சார். கத்துக்கினு கீறேன்."

"அப்புறம் என்ன தைரியத்துல வந்தீங்க?"

"ஏறி நிக்க சொல்லித் தருவேன். விழுந்தா தலை அடிபடாம உருளச் சொல்லித் தருவேன். இப்பப் பாத்தீங்களே."

அதற்குள் அனுசுயா போர்டில் ஏறிவிட்டாள். அருள் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "முட்டிய மடக்கு. கீழ பாக்காத, என்னைப் பாரு." போர்டு மெல்ல உருண்டது. "அடுத்து நானு, நானு" என்று பின்னால் வரிசை சேர்ந்தது.

"ஒரு மாசம் பார்ப்போம்" என்றார் இராமகிருஷ்ணன். "அதுக்குள்ள பின்சக்கரமும் எழும்பணும்."

அருள் போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.

"வேலை கெடச்சிச்சு. ஒரு வார்த்த சந்தோசமாப் பேசேன்டா."

"தெர்லமா."

அப்போதுதான் அவள் பார்த்தாள். முழங்கையிலிருந்து ரத்தம் மணிக்கட்டு வரை இறங்கிக் காய்ந்திருந்தது.

"எரியுதா?"

அவன் கையைத் திருப்பிப் பார்த்தான். யாருடைய கையோ போல.

"இல்ல."

பூந்தமல்லி பஸ் வந்தது. கன்னியம்மாள் அவனுடைய இன்னொரு கையைப் பிடித்து, சின்னப் பிள்ளையை ஏற்றுவது போல, முதலில் அவனை ஏற்றிவிட்டாள்.