கிருமியைக் கழுவினீங்களா?

“மருந்தை முழுங்கினா போதும், கிருமி செத்துடும்னு ஊரே நினைக்குது. ஆனா கிருமியைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கு. அதுல இத்துனூண்டு துளைங்கதான் வாசல். அது வழியா மருந்து உள்ளே போகணும்,” என்றார் அந்த இளம் விஞ்ஞானி, பல வருடங்களுக்கு முன் ஆய்வகக் கேன்டீனில், எதிரே உட்கார்ந்திருந்த அவளிடம்.

“மருந்துக்கு மசியாத கிருமி அந்த வாசலையே குறைச்சிடுதே?”

“தட்டுற விதத்துல தட்டினா திறக்கும்மா.”

அந்த ஒரு வாக்கியத்தில் மயங்கித்தான் அவள் அவருக்குக் கழுத்தை நீட்டினாள். இப்போது அவர் ஆய்வகத் தலைவர். அவள் அங்கேயே உதவி ஆய்வாளர். கட்டுரைகளில் அவர் பெயர் முதலில் வரும். அவள் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், குளிர்பெட்டியைப் பழுதுபார்த்தவருக்குப் பக்கத்தில். ஒரே ஒரு சோதனையைத் தன் பெயரில் செய்துவிட வேண்டும் என்ற ஆசையைச் சாப்பாட்டு மேசைவரை கொண்டுவருவாள். அவர் “உப்பு கம்மி” என்பார். ஆசை வந்த வழியே திரும்பிவிடும்.

இந்த வாரம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவருடைய புது மருந்து சவ்வைத் தாண்டி ஏராளமாக உள்ளே போயிருக்கிறதாம். நாளை பெரிய கூட்டத்தில் அறிவிப்பு.

“அவ்வளவு மருந்து உள்ளே இருந்தும் கிருமி ஏங்க கொழுகொழுன்னு வளருது?”

“திமிரு,” என்றார் விஞ்ஞானி.

அவளுக்கு மனசு ஆறவில்லை. வாசல் துளைகளே இல்லாத ரகக் கிருமியை அதே மருந்தில் ஊறவைத்து, அவர் செய்தபடியே அளந்தாள். அதிலும் அதே அளவு! இன்னொரு பங்கைக் குளிர்ந்த உப்புக் கரைசலில் நன்றாகக் கழுவி அளந்தாள். மருந்தையே காணோம். அது உள்ளே போகவே இல்லை, வெளியே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவருடைய கிருமியைக் கழுவினாலும் அதே கதைதான்.

“அளக்கிறதுக்கு முன்னாடி கிருமியைக் கழுவினீங்களா?”

“கழுவுறதா? அதெல்லாம் நீ பாத்துப்பேன்னு நினைச்சேன்.”

வீட்டில் குடித்த கோப்பையைக்கூடக் கழுவாத மனிதர். கிருமிக்கு மட்டும் தனிச் சலுகை காட்டுவாரா என்ன?

அவள் எடுத்த அளவுகளைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போனது. “கூட்டத்தைத் தள்ளிப் போடச் சொல்றேன். நீயே முதல்லேருந்து எல்லாத்தையும் சரியா செஞ்சு கொடுத்துடும்மா. பேரு வழக்கம்போல...”

அவள் கையுறைகளைக் கழற்றினாள்.

“செய்றேங்க. ஆனா இந்தத் தடவை என் பேர்ல. இந்தச் சோதனையை எனக்கு விட்டுக்கொடுங்க.”