பொட்சுவோலிக்கு ஒரு தலையசைப்பு

தென்கடற் காற்று துறைமுகத்து உப்பைச் சுமந்து தெருத்தெருவாய் உலவ, மேற்கே சாய்ந்த கதிரவன் செங்கல் வீடுகளின் முகப்பில் மஞ்சள் பூசி நிற்க, வறுத்த காப்பியின் மணமும் இத்தாலியரின் உரத்த பேச்சும் ஒன்றாய்க் கலந்தெழும் சிட்னி மாநகரின் இலைக்கார்ட் பேட்டையிலே, ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தைந்தாம் ஆண்டின் இலையுதிர் காலத்து மாலையொன்றில், ஒரு மன்றம் நிரம்பி வழிந்தது. மேடையேறி நின்றவள் யோகராணி. யாழ்ப்பாணத்திற் பிறந்து, இத்தாலியர் ஒருவரின் பயண முகவர் நிலையத்திற் பணிபுரிபவள். கேட்க வந்தோரோ, நேப்பிள்சுக்கு அருகிலுள்ள பொட்சுவோலி என்னும் தொன்மைத் துறைநகரிற் பிறந்து, பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள். அவ்வூரைக் கண்ணாலும் காணாத இவள், அதன் பெருமையை அவர்களுக்கே எடுத்துரைக்க வேண்டுமாம்! துணிச்சலைப் பாருங்கள்.

"இன்று பொட்சுவோலிப் பயணக்குழு நிரம்பாவிடின் இவ்வேற்பாட்டைக் கைவிடுவேன்; உம்மையும் பணியில் வைத்திருக்க இயலாது" என்று முதலாளி சால்வத்தோரே காலையிலேயே கூறிவிட்டார். பகல் முழுதும் அவள் அச்சத்தோடே உரையை மனனம் செய்தாள்.

ஆயினும் பேசத் தொடங்கியதும் அச்சம் பறந்தது. எகிப்தியக் கோதுமை சுமந்த மரக்கலங்கள் அடைந்த துறையையும், உரோமர் எழுப்பிய வட்டரங்கையும், கந்தகப் புகை கக்கும் வெளியையும், தமிழகத்து மிளகு கைமாறி வந்திறங்கிய கரையையும் அவள் சொல்லச் சொல்ல, மன்றம் வாய்பிளந்து கேட்டது. அப்பொழுது கார்மேலா என்னும் முதியவள் எழுந்தாள். ஐந்தாண்டுகளுக்கு முன் அவ்வூர் நிலம் மேலெழுந்து சுவர்கள் வெடிக்க, அரசு மக்களை அவசரமாய் வெளியேற்றிய மேட்டுக் குடியிருப்பில்தான் அவள் பிறந்த வீடு இருந்தது.

"மகளே, எங்கள் தெருவே வெறிச்சோடிப் போயிற்று. இனி நாங்கள் போய்க் காண அங்கே ஏதேனும் உண்டா?"

நெஞ்சு நெகிழ்ந்த யோகராணி, வாய் திறக்குமுன் நம்மவர் வழக்கப்படி தலையை இருபுறமும் மெல்ல அசைத்தாள். நமக்கு அது 'ஓம்', அதாவது ஆம்; அவர்களுக்கோ 'இல்லை'! அடடா, வந்தது வினை. கார்மேலா கண்ணைத் துடைத்தாள். நாற்காலிகள் நகர்ந்தன. மேலாடைகளை எடுத்துக்கொண்டு பலர் வாயிலை நோக்கி நடந்தனர். சால்வத்தோரேயின் முகம் கறுத்தது.

பின்வரிசையிலிருந்த யோகராணியின் கணவன் வரதராஜா பதறி எழுந்தான். "இஞ்சாரும், தலையை ஆட்டாதையும்! அவையள் இல்லையெண்டு நினைக்கினம். வாயாலை சொல்லும்!"

"ஐயோ, நில்லுங்கள்!" என்று அவள் கூவிய கூவலில் வாயிலை அடைந்தவரும் திரும்பினர். "உண்டு என்றுதான் தலையசைத்தேன், எங்கள் நாட்டில் அதுவே ஆம். உங்கள் பழஞ்சந்தையின் மூன்று தூண்களையும், அவற்றில் கடற்சிப்பிகள் குடைந்த துளைகளையும் நீங்கள் அண்ணாந்து பார்த்ததில்லையா? அந்நிலம் கடலுள் அமிழ்ந்தது, மீண்டும் எழுந்தது, தூண்களோ விழவில்லை! வெறும் வீட்டுக்காகவா அழுகிறீர்கள், அம்மா? கடலையே வென்று நின்ற ஊர் உங்களுடையது. போய்ப் பாருங்கள்!"

"அத்துளைகளைக் காட்டித்தான் என் கணவர் முதன்முதலில் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்" என்றாள் கார்மேலா. எழுந்த சிரிப்பும் கைதட்டலும் கூரையைப் பிளந்தன. வெளியேற எழுந்தவர்களே முண்டியடித்து முதலில் பெயர் கொடுத்தார்கள், குழு நிரம்பிற்று. "இவர்களை அழைத்துச் செல்பவர் நீரே!" என்று முதலாளி அறிவித்தபோது யோகராணி மகிழ்ச்சி தாளாமல் அழுதேவிட்டாள்.

"அப்படியானால் நீங்களும் வருகிறீர்களா?" என்று முதலாளி கார்மேலாவைக் கேட்டார். அவள் யோகராணியை ஓரக்கண்ணால் நோக்கி, தலையை இருபுறமும் மெல்ல அசைத்தாள். கண்டதும் மன்றமே சிரித்தபடி அவ்வாறே அசைத்தது. ஊரை இழந்தோம் என்றிருந்த மக்கள், யாழ்ப்பாணத்தாளின் வழக்கத்திலேயே, தம் ஊருக்குப் போக ஒப்பினார்கள்.