குறைந்த சூட்டில் ஓர் இருக்கை

கடைப் பலகைகளுக்குத் தெர்மோகோலில் எழுத்து வெட்டித் தருவது அவருடைய தொழில். வில்லின் இரு முனைகளுக்கிடையே இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் போதும். கம்பி பழுக்கும், தெர்மோகோல் வெண்ணெய்போல் வழிவிடும். ஆனால் அன்று அவர் வெட்டியது எழுத்தன்று. தம் மகளுக்கு ஓர் இருக்கை.

மகளுக்கு முதுகு நிற்காது. இரு கைகளையும் இருபுறமும் ஊன்றினால்தான் அவளால் உட்கார இயலும். கைகள் ஊன்றிக்கொண்டேயிருந்தால் பென்சிலை எதனால் பிடிப்பது? மறுநாள் பள்ளி திறக்கிறது. இடுப்பைக் கவ்விப் பிடிக்கும் இருக்கை வேண்டுமென்று அவளுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் அம்மையார் அளவெடுத்துத் தந்திருந்தார்.

வெட்டி முடித்த இருக்கையில் அவரும் மனைவியும் மகளை அமர்த்தினார்கள். அவள் ஒருபக்கமாகச் சாய்ந்தாள். கைகள் தாமாகவே ஊன்றிக்கொண்டன.

"அளவெல்லாம் சரியாத்தானே வச்சேன்!"

இடுப்புக்கும் இருக்கைக்கும் நடுவே அவர் விரலை விட்டார். விரல் தாராளமாக நுழைந்தது. பழக்கதோஷத்தால் கம்பியை எழுத்துக்குரிய சூட்டில் விட்டிருந்தார். அது சென்ற வழியின் இருபுறமும் உருகி அகன்றுவிட்டது. எழுத்தில் நூலளவு கரைந்தால் எவரும் கேட்கப் போவதில்லை. இடுப்பு கேட்டது.

அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"இன்னொரு தெர்மோகோல் கட்டி இருக்குல்ல? அழுமூஞ்சியா நிக்காம வில்லை எடுங்க," என்றாள் மனைவி.

"இதுவும் போச்சுன்னா?"

"நீங்க ஓடாம இருந்தா போகாது. கடைத்தெருவுலகூட என்னை விட்டுட்டு முன்னாடி ஓடுற ஆளாச்சே!"

கட்டியின் இரு முகங்களிலும் அளவுப்படி கத்தரித்த அட்டையை ஒட்டினார்கள். காற்றுப் பட்டால் கம்பி குளிரும் என்பதால் மின்விசிறியை நிறுத்தினார்கள். கம்பிக்குச் செல்லும் மின்னோட்டத்தை அவர் ரெகுலேட்டரில் குறைத்தார், கம்பி சிவக்கவேயில்லை. வில்லின் ஒரு முனையை அவரும் மறுமுனையை அவளும் பற்றினர். குறைந்த சூட்டில் கம்பியை அவசரப்பட்டு இழுத்தால் நடுவில் வளையும். நின்றுவிட்டால் குழி விழும். அது வழிவிடும் வேகத்தில் இருவரும் ஒன்றாகச் செல்ல வேண்டும்.

"இழுக்காதீங்க... நான் இன்னும் வரல."

"சரி, வா. உன்கூடவே வர்றேன்."

வியர்வை கண்ணில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

"அப்பா, தூங்கிட்டே வெட்டுறியா?" என்றது கட்டிலிலிருந்து மகளின் குரல்.

"சிரிக்க வைக்காதடி, கை ஆடும்," என்றாள் தாய்.

புது இருக்கையில் துண்டு விரித்து மகளை அமர்த்தியபோது அது அவளைக் கவ்விக்கொண்டது. ஒரு கை மெல்ல உயர்ந்தது. மற்றது தயங்கித் தயங்கி விளிம்பை விட்டது. அவள் சாயவில்லை.

அவர் ஆவலோடு பென்சிலை நீட்டினார். அவளோ அதைச் சட்டை செய்யாமல், குனிந்திருந்த தந்தையின் மீசையை இருபுறமும் இரு கைகளாலும் பற்றி இழுத்தாள்.

"வலிக்குதாப்பா?"

"வலிக்குதுடா தங்கம்," என்றார் அவர். "விட்டுடாதே."