வாபஸ் வாங்குவதிலும் மரியாதை

என் வீட்டுக்காரருக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. விலை கேட்டுவிட்ட பாவத்துக்காகக் கம்பி உடைந்த குடையைக்கூட வாங்கி வந்தவர். அப்படிப்பட்டவரிடம் இணைய ஏலத்தை ஒப்படைத்தது என் புத்திசாலித்தனம்.

எங்களுடையது சின்ன ரொட்டிக் கடை. மாவை அவர்தான் கையால் பிசைகிறார். மாவு பிசையும் பழைய மெஷின் ஒன்று ஏலத்துக்கு வந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் ஒரு மெஷினுக்குத்தான் காணும். அவர் ஏலம் கேட்டார். எங்கள் தொகையே முன்னால் நின்றது.

மறுநாள் விற்பவர் விவரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: மோட்டார் ஓடவில்லை.

"என்னங்க, உடனே வாபஸ் வாங்குங்க" என்றேன். விதி எங்கள் பக்கம்தான். பொருளின் விவரம் மாறினால் கேட்ட ஏலத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் ஏலம் முடிய அரை நாள் இருக்கும்போது திரையில் இருக்கும் வாபஸ் பொத்தானை எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் விற்பவர் மனது வைத்தால்தான் உண்டு.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுக்கிறதுதான் மரியாதை" என்று விற்பவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். நான் கல்லாவில் நின்று பல்லைக் கடித்தேன். அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது பொத்தானைக் காணோம்.

பதில் மட்டும் சட்டென்று வந்தது: 'இவ்வளவு பண்பானவருக்கு என் மெஷின் கிடைப்பதில் மகிழ்ச்சி.'

இவர் அனுப்பிய கடிதத்தை வாங்கிப் படித்தேன். நலம் விசாரித்திருந்தார், மெஷினைப் பாராட்டியிருந்தார், கையால் பிசைகிற கதையெல்லாம் சொல்லி, சிரமத்துக்கு மன்னிப்பும் கேட்டிருந்தார்.

"இதுல வாபஸ் எங்கங்க இருக்கு?"

"அவரா புரிஞ்சுக்குவாருன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பே இல்லாமல் ரொட்டி வெந்திருக்கும். போனில் விற்பவரின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன்.

"சார், அந்த மெஷின்... வந்து... எங்களுக்கு வேண்டாங்க."

"ஏன் சார்? மோட்டாரை மாத்தினா ஓடும். அதுவரைக்கும் கையாலயே பிசையுங்களேன். இத்தனை நாள் பிசைஞ்சவர்தானே?"

அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"முடியாதுங்க. வலது தோளைத் தூக்கவே முடியல. ரொம்ப நாளாவே இப்படித்தான். ஓடுற மெஷினாத்தான் வேணும்."

"அடடா, இதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்ற விற்பவர், பேசிக்கொண்டே எங்கள் ஏலத்தை ரத்து செய்துவிட்டார்.

பணம் தப்பியது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. முன்பின் தெரியாத மனுஷரிடம் சொன்னதைக் கட்டின பெண்டாட்டியிடம் சொல்லவில்லையே. வரவர வேலை இழுக்கிறதே என்று நான் வேறு அவரை அரித்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வருத்தப்படுவியேன்னுதான்..."

"நல்லா வாயில வருது எனக்கு" என்றேன். அழுகையும் வந்தது. கையைக் கழுவிவிட்டு மாவுப் பாத்திரத்தை என் பக்கம் இழுத்துப் பிசைய ஆரம்பித்தேன். பாதி மாவு தேறுவதற்குள் எனக்குத் தோள் விட்டுப்போயிற்று.