கதவு திறந்தால் பச்சை

என் அண்ணனுக்கு வீட்டில் டேப்பு என்று பெயர். வைத்தது அண்ணி. குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடி, ஜன்னல் கொக்கி, அண்ணியின் மூக்குக்கண்ணாடிக் கால் என்று எங்கள் வீட்டில் உடைந்த எதுவும் கடைக்குப் போனதில்லை. எல்லாவற்றையும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி அண்ணனே நிற்க வைத்திருக்கிறான். கடைக்குக் கொண்டுபோனால் தோற்றுவிட்டோம் என்று அவன் நினைப்பு.

அப்படிப்பட்டவன் காதுபட, காருக்கு இன்னொரு சாக்கெட் வேண்டும் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் கார் அவனுடையது, சொல்லாமல் முடியாது. ஒரு பரிசோதனைக்கூடத்தில் வண்டி ஓட்டும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சுற்றியுள்ள சின்னச் சின்ன மருத்துவமனைகளில் இரத்த மாதிரிகளை வாங்கிவந்து கூடத்தில் சேர்க்க வேண்டும். வண்டி நம்முடையது, குளிர்ப்பெட்டி அவர்களுடையது. ஓடுகிற காரிலிருந்தே கரண்ட் வாங்கிக்கொண்டு பெட்டி சில்லென்று இருக்க வேண்டும். வழி காட்டும் போனும் அணையக் கூடாது. எங்கள் பழைய காரில் இருந்ததோ முன்னால் ஒரே ஒரு சாக்கெட்.

பெட்டியை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வண்டியைக் காட்டி, சரி என்று அவர்கள் சொன்னால் வேலை எனக்கு. இல்லாவிட்டால் அடுத்து நிற்கிற ஆளுக்கு. நான் மறுபடியும் சலவைக்கூடத்துக்குப் போய், ஆவியில் நின்று விடுதிப் படுக்கை விரிப்புகளை மடிக்க வேண்டியதுதான். விரலிடுக்கில் உரிந்த தோலே இன்னும் ஆறவில்லை. அங்கே பிடித்த இருமலும் விடவில்லை.

“கடையில குடுத்துடலாம் அண்ணா,” என்றேன்.

“ரெண்டு கம்பி பாப்பா. ரெண்டே ரெண்டு கம்பி. இதுக்குப் போயி கடையா?”

அண்ணி துணி உலர்த்திக்கொண்டே, “போன தடவ ரெண்டு கம்பின்னு சொன்னப்பதான் மாடி முழுக்க கரண்ட் போச்சு,” என்றார்.

“அது வேற கம்பி.”

“ஆமா, அது வேற கம்பி. மனுஷன் அதேதான்.”

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். உட்கார்ந்தான் என்றால் பாதி உடம்புதான் உள்ளே. கால் இரண்டும் வெளியே, தெருவில். செருப்பு ஒரு பக்கம், திருப்புளி ஒரு பக்கம். நான் இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். “வெளிச்சத்த மறைக்காத” என்று துரத்திவிட்டான். மதியம் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவில், பின்பக்கம் பார்த்தபடி, புது சாக்கெட். சுற்றிலும் டேப். அதில் பெட்டியைச் செருகினான். பெட்டியின் நெற்றியில் இருந்த சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது.

“இப்ப என்ன சொல்ற?”

என்ன சொல்வது? எரிகிறதே. எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. “தேங்க்ஸ் அண்ணா” என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

தெரு முனை தாண்டவில்லை, பெட்டி கீ கீ என்று கத்தியது. திரும்பிப் பார்த்தால் சிவப்பு. ஓரமாக நிறுத்தி, இறங்கிப் பின்கதவைத் திறந்து பார்த்தேன். பச்சை. சாக்கெட்டை அழுத்தினேன், கம்பியை இழுத்துப் பார்த்தேன். பச்சையேதான். ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தேன். சிவப்பு. கீ கீ.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“லூஸ் காண்டாக்ட்டா இருக்கும். ஒரு தட்டு தட்டு.”

“தட்டுனா சரியாயிடுமா?”

“தட்டாமலே எப்படித் தெரியும்?”

பெட்ரோல் போடும் இடத்தருகே நிறுத்தித் தட்டினேன். பச்சை. கிளம்பினேன். சிவப்பு. பள்ளிக்கூட மதிலோரம் நிறுத்தினேன். பச்சை. எனக்கு அழுகை வருவதுபோல் இருந்தது. நான் பார்த்தால் எரிகிறது, பார்க்காவிட்டால் அணைகிறது. பெட்டிக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று கூட நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பேருந்து உரசுவதுபோல் போனது. அதன் காற்றில் பின்கதவு என் முட்டியில் இடிக்க, நான் விலகியதும் சாத்திக்கொண்டது. கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், காரின் கூரை விளக்கும் பெட்டியின் பச்சையும் ஒன்றாக அணைந்தன.

கதவைத் திறந்தேன். இரண்டும் எரிந்தன. சாத்தினேன். இரண்டும் அணைந்தன. மறுபடியும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, கரண்ட் எங்கேருந்து எடுத்த?”

“மேலேருந்து.”

“மேலேருந்துன்னா?”

“லைட்டுலேருந்து. அதுதான் கைக்குக் கிட்ட இருந்துச்சு.”

“கதவு தொறந்தா எரியற லைட்டு அண்ணா அது. கதவு சாத்துனா?”

தெருவில் காலை நீட்டி வைத்துக்கொண்டு, கதவைத் திறந்துபோட்டுத்தான் அவன் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்திருக்கிறான்.

“சரி, ஒண்ணு பண்ணு,” என்றான். “கதவ லேசா தொறந்தாப்ல வெச்சு, ஒரு கயிறு கட்டிட்டு மெதுவா ஓட்டு.”

போனை வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

திரும்பிப் போக நேரமில்லை. பரிசோதனைக்கூடத்தின் பின்வாசலில் காரை நிறுத்தியதும் வண்டிகளுக்குப் பொறுப்பான அம்மாள் வந்தார். காதில் பேனா, கையில் அட்டை. வணக்கத்துக்குக் கூட நிற்காமல் பின்கதவைத் திறந்தார். பெட்டி பச்சையாகச் சிரித்தது. அவரும் என் அண்ணனைப் போலவே பாதி உட்கார்ந்து, காலை வெளியே வைத்துக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

“ம். போன் சாக்கெட்?”

“முன்னாடி இருக்கு மேடம்.”

“ம்.” அட்டையில் ஒரு கோடு கிழித்தார். “திங்கக்கிழமையிலேருந்து வந்துடு.”

அவ்வளவுதான். வேலை கிடைத்துவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். சனிக்கிழமை எங்காவது கொடுத்துச் சரி செய்துகொள்ளலாம். செய்ய முடியாவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? அண்ணன் அதற்குள் “நானே பாத்துக்கறேன்” என்று இன்னொரு கம்பியை இழுத்துவிட்டால்? திங்கட்கிழமை யாரோ ஒரு குழந்தையைக் கதறக் கதற ஊசி குத்தி எடுத்த இரத்தம் என் பின்சீட்டில் சூடேறிக் கெட்டுப்போனால், மறுபடியும் குத்துவார்களே. இவ்வளவும் என் தலைக்குள் ஓடி முடிப்பதற்குள் அவர் இறங்கக் காலை ஊன்றிவிட்டார்.

“மேடம், ஒரு நிமிஷம். காலை உள்ள வெச்சு கதவைச் சாத்திப் பாருங்க.”

“எதுக்கு?”

“சாத்திப் பாருங்களேன்.”

சாத்தினார். கீ கீ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் பெட்டியைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. கதவைத் திறந்தார். பச்சை.

“யார் பண்ணுனது இது?”

“எங்க அண்ணன்.”

“எலக்ட்ரீஷியனா?”

“இல்ல மேடம். கிடங்குல வேலை பாக்கறாரு.”

“அங்கயே இருக்கச் சொல்லு.” அட்டையில் கிழித்த கோட்டை அடித்தார். “நான் கேட் பூட்டுறதுக்குள்ள சரி பண்ணிக் கொண்டா. கதவைச் சாத்தித்தான் பாப்பேன். வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன்.”

வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கும் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் அண்ணன் நிற்கிறான். இந்தக் கடைக்குப் போகிறேன் என்று நான் வீட்டுக்கு அனுப்பிய செய்தியைப் பார்த்து அண்ணிதான் துரத்திவிட்டிருக்கிறார். சட்டைப் பையில் டேப் துருத்திக்கொண்டிருந்தது.

கடைக்காரர் ஒரு கையில் தேநீரோடு கூரை விளக்கின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். “இது யாரு, கல்யாணத்துக்கு சீரியல் செட் போட்ட மாதிரி?”

“கரண்ட் வந்துச்சுல்ல?” என்றான் அண்ணன்.

“வந்துச்சு. நிக்கலையே.”

“ஃபியூஸ் பெட்டியிலேருந்து எடுக்கணும்னுதான் நானும் மொதல்ல நெனச்சேன்.”

“நெனச்சதோட நின்னுருக்கலாம்ல,” என்றேன்.

கடைக்காரர் வேலை செய்கிற நேரம் முழுக்க அண்ணன் அவர் தோளுக்கு மேல் குனிந்து நின்றான். அந்தக் கம்பி மெல்லிசா இருக்கே, இந்த ஃபியூஸ் போதுமா என்று கேள்விமேல் கேள்வி. கடைக்காரர் தேநீரைக் குடித்து முடிக்கவே இல்லை. “வெளிச்சத்த மறைக்காதீங்க சார்” என்று அவர் கடைசியில் சொன்னபோது எனக்கு அந்த நாளில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. நடுவிலேயே இன்னொரு சாக்கெட் வைத்து, சாவி திருகினால் கரண்ட் வரும்படி செய்தார். நான் நான்கு கதவையும் சாத்திப் பார்த்தேன். பச்சை. திறந்து, மறுபடி சாத்தினேன். பச்சை.

“பழசைக் கழட்டிடவா?”

“அது இருக்கட்டும்,” என்றான் அண்ணன். “கெட்டுப் போச்சா என்ன? வேலை செய்யுதுல்ல.”

கேட் பூட்டுவதற்குள் போக வேண்டும். அந்த அம்மாள் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். ஏறி, கதவைச் சாத்தி, நெடுநேரம் உட்கார்ந்தார். அட்டையில் புதிதாக ஒரு கோடு கிழித்தார். “திங்கக்கிழமை” என்றார்.

இப்போது தினமும் முதல் மருத்துவமனை வாசலில் மாதிரிகளுக்காகக் காத்திருக்கிறேன். பெட்டி இன்னும் காலி, அதை அணைத்து வைத்திருப்பேன். வெயிலுக்குச் சாவியை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்துபோட்டு உட்காருவேன். சாவி எடுத்தால் முன்சாக்கெட் வேலை செய்யாது. போனில் சார்ஜ் கரைந்துகொண்டே வரும். வேறு வழியில்லாமல் பின்பக்கம் கையை நீட்டி அந்த டேப் சுற்றிய சாக்கெட்டில் செருகுவேன். ஜம்மென்று ஏறும்.

நேற்று அப்படி ஏறிக்கொண்டிருக்கும்போது அண்ணன் கூப்பிட்டான்.

“பாப்பா, நம்ம சாக்கெட் எப்படி இருக்கு?”

“எந்த சாக்கெட்டு?” என்று கேட்டுவிட்டு, காலை வெளியே நீட்டிக்கொண்டேன்.